ஒரு கட்டி சலவைச் சோடா

மேவிஸ் டாலன்டைருக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று வட இங்கிலாந்தில் எங்கள் டீஸ் பள்ளத்தாக்கில் பேசிக்கொள்வார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன, வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். நரி வளைக்குள் தோள்வரை கையை விட்டு, உள்ளே மாட்டிக்கொண்ட நாயைப் பின்னங்காலைப் பிடித்து இழுத்து வெளியே போடுவாள், அது உண்மைதான். குடித்துவிட்டு வம்புக்கு வந்த ஒரு கல்குவாரிக்காரனை மதுக்கடை வாசலில் ஒரே அறையில் உட்கார வைத்தாள், அதுவும் உண்மை. ஆனால் ஏப்ரல் பிறந்து ஆடுகள் குட்டி போட ஆரம்பித்துவிட்டால் அவளுக்குத் தூக்கம் போய்விடும். படுப்பதற்கு முன் பின்கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பாள். படுத்த பிறகு எழுந்து வந்து இன்னொரு தடவை தொட்டுப் பார்ப்பாள். இது யாருக்கும் தெரியாது.

அவள் பிழைப்பு முயல் பிடிப்பது. புருஷன் போன பிறகு எடுத்த தொழில் என்று சிலர் சொல்வார்கள். புருஷன் இருந்தபோதும் சோறு போட்டது அவள் பிடித்த முயல்தான். கீரிப்பிள்ளை ஜாடையில் வெள்ளையாக ஃபெரட் என்று ஒரு பிராணி உண்டு. அதை வளைக்குள் விட்டால் முயல் அலறியடித்து வெளியே பாயும். பாய்வதைத் துரத்திப் பிடிக்க ஜிப் என்ற லர்ச்சர். கிரேஹவுண்டின் காலும் ஆடு மேய்க்கும் கோலியின் மூளையும் சேர்ந்த கலப்பு; சாம்பல் நிறம், ஆள் இடுப்பு உயரம். முள்புதரிலும் வளையிலும் புகுந்து கலைக்க டேன்சி என்ற பார்டர் டெரியர். கிழடு. கோதுமை நிறத்தில் ஒரு பழைய துடைப்பக்கட்டையைப் போல இருக்கும். பாதிப் பல் போய்விட்டது. ஆனால் நரியின் முகத்துக்கு நேரே நின்று குரைக்கிற வீரம் மட்டும் போகவில்லை.

இவ்வளவும் இருந்து என்ன, மேவிஸுக்குச் சொந்தமாக ஒரு முழம் நிலம் கிடையாது. எல்லாம் பண்ணைக்காரர்களின் நிலம். அவர்கள் 'வா' என்றால் போகலாம், 'வராதே' என்றால் வீட்டில் உட்காரலாம். ஆட்டைக் கடித்த நாயின் சொந்தக்காரிக்கு இந்தப் பள்ளத்தாக்கில் எந்தக் கேட்டும் திறக்காது. நாய்க்கு என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கடித்தது எந்த நாய் என்று சந்தேகம் வந்தால் எங்கள் ஊரில் பேச்சுவார்த்தை எல்லாம் கிடையாது. துணி துவைக்கிற சோடாவில் ஒரு கட்டியை எடுத்து நாயின் தொண்டைக்குள் தள்ளுவார்கள். கொஞ்ச நேரத்தில் அது தின்றதெல்லாம் வெளியே வந்துவிடும். ஆட்டு ரோமம் வந்தால் துப்பாக்கி. இந்த வேலைக்கு நாயைப் பிடித்துக்கொள்ள மேவிஸைத்தான் கூப்பிடுவார்கள், ஏனென்றால் அவள் கை பட்டால் எந்த நாயும் அடங்கிவிடும். எத்தனையோ பேரின் நாய்களை அவள் பிடித்திருக்கிறாள். காலில் விழாத குறையாகக் கெஞ்சியவர்களிடம், "ஒரு தடவ ருசி கண்டது சும்மா இருக்காது, அழுது என்ன பண்றது?" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள்.

அந்த ஏப்ரலில் ஒரு நாள் விடியற்காலையில் கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினால் பின்கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. ராத்திரி அடித்த காற்றில் தாழ்ப்பாள் நழுவியிருக்க வேண்டும். டேன்சி அடுப்போரக் கூடையில் சுருண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. ஜிப் படுக்கிற சாக்கு காலியாகக் கிடந்தது.

மேவிஸ் காலில் ஒரு பூட்ஸும் கையில் ஒரு பூட்ஸுமாக முற்றத்துக்கு ஓடினாள். மதில் ஓரமாக ஜிப் வந்துகொண்டிருந்தது. ஓடி வரவில்லை, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, வாலைக் காலுக்கிடையில் செருகிக்கொண்டு நடந்து வந்தது. நெஞ்சு முழுக்க ரத்தம். தாடையில் ரத்தமும் மயிருமாக ஏதோ அப்பியிருந்தது.

என்ன மயிர் என்று பார்த்திருக்கலாம். அவள் ஒரு மயிரை விரலில் உருட்டினாலே போதும், எந்த மிருகம் என்று சொல்லிவிடுவாள். ஆனால் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்துவிட்டால் தெரிந்துவிடுமே! கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தகரத் தொட்டியில் நிறுத்தி, கெட்டிலில் கொதிக்க ஆரம்பித்திருந்த தண்ணீரைப் பச்சைத் தண்ணீரில் விளாவி, பாத்திரம் கழுவும் சோப்பைப் பீய்ச்சித் தேய்தேய் என்று தேய்த்தாள். தண்ணீர் சிவப்பாகிப் பிறகு இளஞ்சிவப்பாகிப் பிறகு தெளிந்தது. எல்லாவற்றையும் சாக்கடையில் கவிழ்த்தாள். தன் குளியல் துண்டால் துடைத்து அடுப்பருகே படுக்க வைத்தாள்.

"என்னடா பண்ணிட்டு வந்த? வாயத் திறந்து சொல்லித் தொலையேன்டா," என்றாள். ஜிப் அவள் முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டது. எலுமிச்சை வாசனை அடித்தது.

உட்கார்ந்து டீ குடிக்க முடியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் வில்ஃப் அலின்சனின் மேய்ச்சல் நிலம். அங்கே ஓர் ஆடு விடாமல் கத்திக்கொண்டிருந்தது. குட்டியைத் தேடும் ஆட்டின் சத்தம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ரேடியோவைப் போட்டாள். பாட்டையும் மீறி அந்தச் சத்தம் கேட்டது.

வில்ஃபின் லேண்ட் ரோவர் வந்து நின்றபோது அவள் எழுந்து போய்க் கதவைத் திறக்கக்கூட இல்லை. அவனே திறந்துகொண்டு வந்தான். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெஞ்சு, முன்பல் விழுந்த நாளிலிருந்து பழக்கம். தொப்பியைக் கழற்றவில்லை. அதைப் பார்த்ததுமே அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"மூணு குட்டி போச்சு மேவிஸ்," என்றான். "நேத்துப் பொறந்ததுங்க. கடிச்சுக் குதறிப் போட்டிருக்கு. ஒன்ன மட்டும் தின்னிருக்கு."

"நரியா இருக்கும்."

"நரி வந்தா ஒன்னத் தூக்கிட்டுப் போய்க்கிட்டே இருக்கும். இப்படி வெளையாடிட்டுப் போவாது. பால் வண்டி ஹாரிசன் விடிகாலையில நீட்டமா, சாம்பலா ஒரு நாய் ரோட்டத் தாண்டுறதப் பாத்திருக்கான்."

"சாம்பல் நாய் ஊர்ல என்கிட்ட மட்டுந்தான் இருக்கா?"

"அதான் ஒவ்வொரு வீடாப் போயிட்டு வரேன்."

அவன் குனிந்து ஜிப்பின் நெஞ்சுக்குக் கீழே கையை விட்டான். விட்ட கை அப்படியே நின்றது. கையை மூக்கருகில் கொண்டுபோனான். மேவிஸ் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாயக் குளிப்பாட்டினியா?"

"நரிப் பீயில பொரண்டுட்டு வந்துச்சு. நாத்தம் தாங்கல."

"நரிப் பீ." அவன் மெல்லச் சிரித்தான், ஆனால் அது சிரிப்பில்லை. "உன் வீட்டுக்கு எத்தன வருஷமா வரேன்? சேறு இல்லாத நாய ஒரு நாளும் பாத்ததில்ல. கிறிஸ்துமஸுக்குக்கூட நீ குளிக்கிறது சந்தேகம். குட்டி செத்த அன்னிக்கு உன் நாய் மணக்குது."

"வில்ஃப்..."

"இன்னிக்கு அஞ்சாறு வீட்டு நாயப் பாத்தேன். எல்லாம் பழைய சேறு காஞ்சு போய்க் கெடக்கு, ரத்தம் ஒரு சொட்டு இல்ல. பாத்ததும் ராத்திரி வெளிய போகலன்னு தெரிஞ்சிடுச்சு, விட்டுட்டு வந்துட்டேன். நீ கழுவாம விட்டிருந்தா மயிரப் பாத்தே சொல்லியிருப்பேன். நீ எதுக்குக் கழுவின?"

பயந்துபோய்க் கழுவினேன் என்று சொன்னால் நாயின் சாவுக்குத் தானே கையெழுத்துப் போட்ட மாதிரி. ஜிப்பின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவனும் காத்திருக்கவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குனிந்து சோடாப் பொட்டலத்தை எடுத்தான். எந்த வீட்டில் எங்கே இருக்கும் என்று யாருக்குத் தெரியாது!

"நீயே பிடி," என்றான். "நான் பிடிச்சா மெரளும்."

முற்றத்துக்குப் போனார்கள். டேன்சியும் கூடையிலிருந்து இறங்கிப் பின்னாலேயே வந்து வெயில் பட்ட கல்லில் உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டது. மேவிஸ் மண்டியிட்டு ஜிப்பின் தலையை அணைத்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள். அது தயங்காமல் திறந்துகொடுத்தது. இவள் ஏதோ நல்லது கொடுக்கப்போகிறாள் என்ற நினைப்பு. வில்ஃப் சோடாக் கட்டியைத் தள்ளினான். அவள் தொண்டையைத் தடவி விழுங்க வைத்தாள்.

பிறகு காத்திருந்தார்கள். மற்றவர்களின் நாய்களை வைத்துக்கொண்டு காத்திருந்த நேரம் வேறு, இது வேறு. நாயின் விலாவில் கையை வைத்துக்கொண்டு, உள்ளே என்னவெல்லாம் இருக்கிறதோ என்று அவள் செத்துப் பிழைத்தாள். கடவுளைக் கூப்பிட்டாள். சர்ச் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள், வாய்க்குள் முணுமுணுத்துக் கூப்பிட்டாள்.

ஜிப் முதுகை வளைத்தது. இரண்டு தடவை விக்கியது. வந்தது.

வில்ஃப் குச்சியால் கிளறினான். மேவிஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கண்ணத் தொற," என்றான் அவன். "மானு."

பார்த்தாள். சாம்பலும் பழுப்புமாக முரட்டு மயிர், கையில் எடுத்து மடக்கினால் பட்டென்று ஒடிந்தது. கூடவே சவ்வும் கறுப்பு இறைச்சியும். காட்டோரத்தில் ராத்திரி கார் மோதிச் செத்த மான் எதையோ இந்தத் தடியன் மேய்ந்துவிட்டு வந்திருக்கிறான். ஆட்டு ரோமம் ஒரு இழைகூட இல்லை.

"உன்னைக் கொல்லணும்டி," என்றான் வில்ஃப். குரல் இளகியிருந்தது. "வேலையத்துக் கழுவி, என் உயிரையும் வாங்கிட்ட." தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு வண்டிப் பக்கம் நடந்தான்.

மேவிஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஜிப்பின் ஈரத் தலையைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், எச்சில் வழிகிற வாயில் முத்தம் கொடுத்தாள். பயம் விலகிய மனுஷருக்கு ஒரு திமிர் வரும். அது குடித்தவன் திமிரைவிட மோசம். அந்தத் திமிரில் எழுந்து நின்று கத்தினாள்.

"நில்லுய்யா அலின்சன்! எங்க ஓடுற? இன்னொரு நாயும் இருக்கே, அதுக்கும் ஒரு கட்டி போடு!"

வில்ஃப் வண்டிக் கதவில் கை வைத்தபடி திரும்பினான். "எது, அந்தத் தொடப்பக்கட்டையா? அதுக்கு வாயில என்ன பல்லு இருக்கு? போயி டீயப் போட்டுக் குடி."

"போடணும்! நாளைக்கு வேற எவனாவது சந்தேகம்னு என் வாசல்ல வந்து நிக்கக் கூடாது. மேவிஸ் வீட்டு நாய் ரெண்டும் சுத்தம்னு நீயே மதுக்கடையில ஒக்காந்து ஊருக்குச் சொல்லணும்."

"அடம் புடிக்காத."

"புடிப்பேன். நான் இப்ப எதையும் புடிப்பேன்."

அவன் வரவில்லை. அவளே பொட்டலத்திலிருந்து சின்னக் கட்டியாக எடுத்து, டேன்சியை மடியில் போட்டு, பழகிய கையால் தொண்டைக்குள் தள்ளினாள். "முழுங்குடி என் ராசாத்தி. நம்ம கௌரவம்," என்றாள். ஜிப்பின் காதை இன்னொரு கையால் வருடிக்கொண்டிருந்தாள்.

டேன்சி மடியிலிருந்து இறங்கிக் கொஞ்ச தூரம் போய்க் கல்லின் மேல் கக்கியது.

வெள்ளையாக இருந்தது. சுருள் சுருளாக, சின்னச் சின்னதாக, பிறந்த குட்டியின் ரோமம். நடுவில் ஒரு குளம்பு, இன்னும் கெட்டிப்படாமல், மஞ்சளாக, விரல் நகத்தளவுக்கு.

வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு கத்திக்கொண்டிருந்தது. டேன்சி தான் கக்கியதை முகர்ந்துபார்த்துவிட்டு மேவிஸிடம் வந்து கால் மேல் உட்கார்ந்தது. திறந்த கதவு வழியாகப் போய்விட்டு விடிவதற்குள் திரும்பி, காலையிலிருந்து அவள் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. பயந்து செத்த அத்தனை நேரமும் அவள் இதை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வில்ஃப் வண்டியைப் பார்த்தபடியே பேசினான். "நான் அப்பவே வண்டியில ஏறிட்டேன், மேவிஸ். நீ கூப்பிட்டது எனக்குக் கேக்கல. புரியுதா? நான் இங்க இல்ல."

அவளுக்குப் புரிந்தது. தலையை ஆட்டினால் போதும், அவன் போய்விடுவான். குழாயைத் திறந்துவிட்டால் கல்லும் சுத்தமாகிவிடும். டேன்சியின் முதுகில் கை வைத்தாள். எலும்பு தட்டுப்பட்டது. இன்று ராத்திரி தாழ்ப்பாள், நாளை ராத்திரி தாழ்ப்பாள், வேலிக்கு அந்தப் பக்கம் நேற்றுப் பிறந்தவையும் நாளை பிறக்கப்போகிறவையும். எத்தனை பேரின் கண்ணீரைப் பார்த்துக்கொண்டே ருசி கண்டது சும்மா இருக்காது என்ற அந்த வார்த்தையை அவள் சொல்லியிருக்கிறாள்! தன் வாயால் தனக்கு அதைச் சொல்ல வரவில்லை. அழுகைதான் வந்தது.

"அந்த ஆடு இன்னும் கத்துதே, வில்ஃப்," என்றாள்.

"அது கத்தும். ரெண்டு நாள்ல மறந்துடும்."

"துப்பாக்கி வண்டியிலதான இருக்கு?"

அவன் வண்டிக் கதவிலிருந்து கையை எடுத்தான். அவள் டேன்சியைத் தூக்கிக்கொண்டு வண்டியின் பின்பக்கம் நடந்தாள். வண்டியைக் கண்டதும் டேன்சிக்கு உற்சாகம் வந்துவிட்டது. வண்டி என்றால் நரி வேட்டை, அதற்கு வேறு எதுவும் தெரியாது. கையில் திமிறிக் குதித்து, வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே பாய்ந்து, வழக்கமாக உட்காரும் சாக்கின் மேல் உட்கார்ந்து அவளைப் பார்த்தது.

"நீ வர வேணாம், மேவிஸ்," என்றான் வில்ஃப்.

"நான் பிடிச்சாத்தான் அது பயப்படாது," என்று சொல்லிவிட்டு அவள் பின்னால் ஏறிக்கொண்டாள்.