இடப்பக்கத்திலிருந்து வந்த குரல்

மரக்காணத்தில் எங்கள் உப்பளத்தை அண்ணனும் நானும் சேர்ந்து பார்த்துக்கொள்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் வானூர்ப் பக்கம், செம்மண் காட்டுக்குள் இருக்கும் துப்பாக்கி சுடும் மைதானத்துக்குப் போவேன். ஐந்து பேர் வரிசையாக நின்று முறை வைத்துச் சுடுவோம். இங்கிலீஷில் 'புல்', அதாவது இழு, என்று குரல் கொடுத்தால் இயந்திரம் ஒரு களிமண் தட்டை வானத்தில் வீசும். அது விழுவதற்குள் சுட வேண்டும். அங்கே பெண் நான் ஒருத்திதான்.

முதலில் காதில் ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டுதான் சுட்டேன். திங்கட்கிழமை வரை காது இரையும். அதனால் போன தை மாதம் இரண்டு காதையும் மூடும் எலெக்ட்ரானிக் இயர் மஃப் ஒன்று வாங்கினேன். வெளியே சின்ன மைக்குகள் உண்டு. வெடிச் சத்தத்தை அடக்கிவிடும், மெல்லிய சத்தத்தைப் பெரிதாக்கிக் காட்டும். சத்தத்தைக் கூட்டும் குமிழை முழுக்கத் திருப்பி வைத்திருந்தேன்.

அதை மாட்டிய முதல் ஞாயிறு, என் முதல் தட்டுக்காகக் காத்திருந்தபோது காதுக்குள் ஓர் ஆண் குரல், "மன்னிச்சிடும்மா" என்றது.

துப்பாக்கியை அசைக்காமல் தலையை மட்டும் திருப்பினேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அடுத்த சுற்றிலும் அது வந்தது. அப்பா இறந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. வீட்டில் என்னை அம்மா என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். கடைசி நாலு வருடம் எங்களுக்குள் பேச்சு இல்லை.

மறுநாள் உப்பளத்து வரப்பில் இயர் மஃபை மாட்டிக்கொண்டு நின்றேன். தூரத்தில் வேலை செய்பவர்களின் பேச்சும், பாத்தியில் தண்ணீர் அலம்புவதும் கேட்டன. அந்தக் குரல் இல்லை. அடுத்த ஞாயிறு மைதானத்தில் மறுபடியும் வந்தது. யார் என்று தேட எனக்கு மனம் வரவில்லை. அப்பாவாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது வாரம்தான் அது இடது காதில் மட்டும் கேட்பது உறைத்தது. எனக்கு இடப்பக்கம் நிற்பவர் கீழ்புத்துப்பட்டில் மணிலா என்கிற வேர்க்கடலை பயிரிடுபவர், அறுபது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். ஒவ்வொரு முறையும் 'புல்' சொல்வதற்கு முன் அவர் உதடு அசைந்தது.

தெரிந்த பிறகும் நான் குமிழைக் குறைக்கவில்லை. மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆடியில் ஒருநாள் அவர் அந்த இயர் மஃபைப் போட்டுப் பார்க்கக் கேட்டார். மறுக்க வழியில்லை. மாட்டிக்கொண்டு, "நல்லா இருக்குதே" என்று வாய்க்குள்ளேயே சொன்னார். அந்த முணுமுணுப்பே அவர் காதுக்குப் பெரிதாகக் கேட்டிருக்க வேண்டும். முகம் மாறிவிட்டது. மெதுவாகக் கழற்றினார்.

"எத்தினி நாளா கேக்குதும்மா உனக்கு?"

"தை மாசத்துலருந்துண்ணே."

சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் கேட்காமலே சொன்னார். மகளுக்கு அப்போது ஆறு வயது. மணிலாக் கொல்லையில் பன்றி இறங்கியிருக்கிறது என்று சாயங்காலம் துப்பாக்கியோடு போனவரின் பின்னாலேயே அவளும் ஓடி வந்திருக்கிறாள். தன் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துச் சுட்டார். அவள் அவரது வலது கையோரம் நின்றிருந்தாள். அன்றோடு அவளுக்கு இடது காது போய்விட்டது. காய்ச்சலில் போனது என்று வீட்டில் சொல்லி வளர்த்துவிட்டார்கள். இப்போது கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளோடு வெளியூரில் இருக்கிறாள்.

பிறகு ஏன் இன்னும் துப்பாக்கியைத் தொடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"விட்டுட்டா எனக்கும் அது காய்ச்சல்னே ஆயிடும்மா."

எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. "இத அவங்ககிட்டயே சொல்லிடுங்கண்ணே" என்றேன். சொன்னால் பாரம் இறங்கும், அவள் புரிந்துகொள்வாள் என்றும் ஏதேதோ பேசினேன். முன்பின் பார்த்திராத ஒரு பெண்ணுக்காக அவ்வளவு நிச்சயமாகப் பேசினேன்.

அடுத்த இரண்டு ஞாயிறு அவர் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்தார்.

"சொல்லிட்டேம்மா. போன வச்சிட்டா. அதுக்கப்புறம் எடுக்க மாட்டேங்குறா."

நானே பேசுகிறேன், நம்பர் கொடுங்கள் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். என்மேல் அவருக்குக் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்னும் இடப்பக்கத்தில்தான் நிற்கிறார். உதடு அசைவதில்லை. தட்டு கிளம்பும் முன் அவர் மூச்சு மட்டும் என் காதில் கேட்கிறது. சில வாரங்களில் அது நெடுநேரம் நின்றுவிடுகிறது. திரும்பவும் வரும்வரை என்னால் சுட முடிவதில்லை.