அண்ணி வெட்டிய ஜன்னல்

எங்கள் அண்ணிக்கு ஒரு வியாதி உண்டு. அவர் கண்ணெதிரே எந்த உயிரும் பசியோடு படுக்கக் கூடாது. இதற்கு மருந்து கிடையாது. நானும் சண்டை போட்டுப் பார்த்து ஓய்ந்துவிட்டேன்.

அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு மாணவர் விடுதியின் சமையலறையிலேயே வயதைக் கழித்தவர். கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்த பையனுக்கும், பஸ்ஸைத் தவறவிட்டு நேரம் கழித்து வந்த பையனுக்கும் தட்டை மூடி, பரிமாறும் ஜன்னலில் வைத்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பாராம். விடுதியை மூடியதும் ஒரு பெட்டியோடும் ஐந்து கோழிகளோடும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வீடு நிறைந்தது, கொல்லையும் நிறைந்தது. பின்னாலேயே எலியும் வந்தது.

முதலில் தீனி குறைந்தது. பிறகு முட்டை. பிறகு, புதிதாய்ப் பொரித்த குஞ்சுகளில் ஒன்றைக் காணவில்லை. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. எலிகள் மாடிக்கு ஏறி, ஹவுஸ் ஓனர் வீட்டு வாஷிங் மெஷின் குழாயைக் கடித்து வைத்தன. அவர் வீட்டுக் கூடம் முழுக்கத் தண்ணீர். மனிதர் கீழே இறங்கி வந்தார்.

"இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். எலி நிக்கலன்னா கோழி இங்க இருக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

அவர் மாடியேறியதும் அண்ணி நிதானமாகச் சொன்னார். "கோழி போற அன்னைக்கு நானும் கெளம்பறேன். என் கூட வேலை பாத்தவ ஒருத்தி முதியோர் இல்லத்துல சமைக்கறா. கூடமாட ஒத்தாசைக்கு ஆள் கேட்டிருக்கா. என்னால உங்களுக்கு எதுக்குப் பொல்லாப்பு?"

எனக்குச் சுருக்கென்றது. ஆறு மாதமாகக் காலையிலிருந்து இரவு வரை அவரோடு மல்லுக்கு நிற்பவள் நான்தான். உப்பு ஜாஸ்தி, காரம் குறைச்சல், துணியை இப்படியா பிழிவார்கள் என்று எதற்கெடுத்தாலும் பேச்சு. அவர் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தேன். பிடிக்கவே இல்லை.

என் அப்பா தையல் மெஷின் மெக்கானிக். எனக்குக் குறடு பிடிக்கத் தெரியும். விடுமுறை நாளில் கூட்டைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஐயோ, அது கூடா? அடிப்பலகை முழுக்க அரித்துக் கிடந்தது. சுற்றியிருந்த கோழிவலையின் ஓட்டையில் என் கட்டைவிரல் தாராளமாகப் போனது. கோழி வெளியே போகாது, சரி, எலி உள்ளே வராமல் என்ன செய்யும்?

ஹார்டுவேர் கடையில் சுண்டுவிரல்கூட நுழையாத கம்பி வலையாகப் பார்த்து வாங்கினேன். பலகையை மாற்றி அடியில் தகரம் அடித்தோம். கூட்டைச் சுற்றி முழங்கை ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, வலையைக் கீழே இறக்கி, வெளிப்பக்கமாக மடித்துப் புதைத்தோம். எலி எங்கே தோண்டினாலும் பல்லில் கம்பிதான் படும். எலி வளைகளில் கண்ணாடிச் சில்லைக் கொட்டி சிமெண்ட் பூசினோம்.

"கோழிக்கு இவ்வளவு பெரிய கோட்டை கட்டறியே, நமக்கு ஒரு வீடு கட்டக் கூடாதா?" என்றார் இவர்.

"வாய் பேசற நேரத்துல சிமெண்டக் கொழைங்க."

நாலைந்து நாள் ஒரு சத்தமும் இல்லை. அப்பாடா என்றிருந்தேன். ஆறாம் நாள் காலையில் பார்த்தால் கூட்டுக்குள் எலிப் புழுக்கை! முட்டை ஓடு உடைந்து கிடந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஹார்டுவேர் கடைக்காரரை இங்கிருந்தே திட்டினேன். பிறகு வலையை அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டே போனேன்.

பின்பக்கம், சுவரோரமாக, ஒரு ஜன்னல். வலையை அளவெடுத்தாற்போல் சதுரமாக வெட்டி, கை கிழிக்காமலிருக்க ஓரத்தில் துணி சுற்றித் தைத்திருந்தது. உள்ளே ஒரு அலுமினியத் தட்டு. தட்டில் ஒரு மணி தானியம் இல்லை.

"அண்ணீ!"

வந்தார். ஒளிக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை. "ஆமா, நான்தான் வெட்டினேன். முன்னெல்லாம் ராத்திரி தட்ட உள்ள வெச்சிடுவேன். இப்ப நீ சாயங்காலமே கதவப் பூட்டிடற. வாயில்லா ஜீவன், ராத்திரி பசிக்காதா?"

"இருட்டினா கோழிக்குக் கண்ணே தெரியாது. எங்கேந்து எந்திரிச்சுத் திங்கும்?"

"நீ பாத்தியா? காலைல தட்டு காலியாத்தானே இருக்கு!"

"சரி, இன்னைக்குப் பாத்துடலாம்."

அன்று பொழுது சாய்ந்ததும் அவர் தட்டை வைத்தார். இருவரும் பின்வாசல் படியில் உட்கார்ந்தோம். கோழிகள் குறுக்குக் கட்டையில் ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டன. ஒன்றாவது தட்டைத் திரும்பிப் பார்க்க வேண்டுமே! ம்ஹூம். கொஞ்ச நேரத்தில் சுவரோரமாக ஒன்று வந்தது, பெருச்சாளி மாதிரி. ஜன்னல் வழியாக நுழைந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் ஒரு குடும்பமே வந்தது. அவசரமே இல்லை, பந்திக்குக் கூப்பிட்டு வந்த விருந்தாளிகள்போல் சாப்பிட்டன.

அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டார். "இத்தனை நாளா எலிக்கா நான் படியளந்தேன்?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போய்க் கொடியிலிருந்த புடவைகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"குஞ்சு போனதும் என்னாலதான். மேல் வீட்டுக்காரர் பேசினதும் என்னாலதான். காலைல கோழிங்கள யாருக்காவது குடுத்துடு. நான் கெளம்பறேன்."

எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. கையிலிருந்த புடவையைப் பிடுங்கினேன்.

"கோழிக்காகவா நான் மண்ணு வெட்டினேன்? கை ரெண்டும் கொப்புளிச்சுக் கெடக்கே, கோழிக்கா? கோழி போனாப் போகட்டும் அண்ணி. எலி வந்தா வரட்டும், வேற வீடு பாப்போம். நீங்க எங்க போறீங்க? உங்களப் போகச் சொல்லி யாரு சொன்னா?"

நான் கத்திய கத்தலில், படுக்கப் போகுமுன் பல் துலக்கிக்கொண்டிருந்த இவர் ஓடி வந்தார், வாயெல்லாம் நுரை. அண்ணி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். எவ்வளவோ நேரம் என் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்தக் கொறட்டக் குடு" என்றார் கடைசியில். "வெட்டினவளே அடைக்கறேன்."

விடிந்ததும் ஜன்னலைத் தகரம் வைத்துக் கட்டினார். அவர் முறுக்கிய கம்பியை என்னாலேயே அவிழ்க்க முடியாது. இருட்டும் முன் தீனித் தட்டைத் தானே எடுத்துக் கழுவி, தானியத்தை மூடி போட்ட டின்னில் கொட்டி, வீட்டுக்குள் வைத்துவிடுவார். தின்ன ஒன்றும் இல்லையென்றால் எலி எதற்கு வரப்போகிறது? வருவது நின்றது.

மாதக் கடைசியில் ஹவுஸ் ஓனர் டார்ச்சோடு வந்து கூட்டைச் சுற்றிக் குனிந்து பார்த்தார். வளையும் இல்லை, புழுக்கையும் இல்லை.

"பரவாயில்லையே! சரி, இருக்கட்டும்" என்றவர், "அக்கா எங்கயோ வேலைக்குப் போறதா கேள்விப்பட்டேன். எப்போ கெளம்பறீங்க?" என்று அண்ணியிடம் கேட்டார்.

அண்ணி இடுப்பில் கை வைத்தார். "யாரு சொன்னது? என் வீட்ட விட்டுட்டு நான் எதுக்குங்க போறேன்?"

எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. அடுத்தவர் எதிரில் இப்படியா அழுவாங்க என்று அதற்கும் அண்ணி என்னைத் திட்டினார்.