மஞ்சளை விட்டுவைத்தது

கழுத்தில் தைராய்டு கட்டியை எடுத்த பிறகு, அக்கா கன்னிவாடியில் இருக்கும் தன் வீட்டுக்குப் போகாமல் திண்டுக்கல்லில் என்னோடு வந்து தங்கினாள். குரல் நரம்பு வீங்கியிருக்கிறது, கொஞ்ச நாளைக்குப் பேச வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எதுவானாலும் வாசலுக்கு வரும்போதே அவள் சத்தம் கேட்டுவிடும். இப்போது தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டினாள். 

பகலில் நான் ஹாலில் படம் வரைவேன். ஆளோ மரமோ இருக்காது. வண்ணமும் வடிவமும் மட்டும்தான். அப்போது ஒரு பெரிய கேன்வாஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நீலம், சிவப்பு, பச்சை, மஞ்சள். நான்குமே பிடித்துப்போனதால் நான்கையும் ஒரே அளவில், ஒரே அழுத்தத்தில் தீட்டியிருந்தேன். பார்க்கிற கண் எங்கேயும் நிற்காமல் அலைந்தது.

கட்டிலில் சாய்ந்தபடி அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இதுல ஒனக்கு எது பிடிச்சிருக்கு?"

நீலத்தைக் காட்டினாள். எனக்கும் அதுதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

நீலத்தை மேல் விளிம்புவரை வளர்த்தேன். சிவப்பில் சாம்பல் நிறத்தைக் கலந்து அடக்கினேன். பச்சையைச் சுருக்க மனசே வரவில்லை, ஆனாலும் பாதியாக்கினேன். நீலம் மெல்ல முன்னால் வந்து நின்றது. இனி மஞ்சளை முழுசாக மூடிவிடலாம் என்று பிரஷ்ஷைத் தோய்த்தேன்.

"ஏ புள்ள, அத விட்ரு."

பாதி காற்றும் பாதி கரகரப்புமாக ஒரு குரல். திரும்பினேன். அக்கா தன் கழுத்தைத் தொட்டுக்கொண்டு திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"பேசாதக்கா. டாக்டரு திட்டுவாரு."

"செத்த நேரந்தான். அந்த மஞ்சக் கொஞ்சூண்டு கெடக்கட்டும். அது பக்கத்துல இருக்கப்பத்தான் நீலம் அம்புட்டு நல்லா இருக்கு."

ஓரத்தில் உள்ளங்கை அளவு மஞ்சளை விட்டுவைத்தேன். அவள் சொன்னது சரிதான். பிரஷ்ஷைக் கழுவாமலே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் கையில் ஒட்டியிருந்த நீலத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"மத்தியானத்துக்கு என்ன வெஞ்சனம்?" என்று மறுபடி மெதுவாகக் கேட்டாள்.

"பீர்க்கங்காக் கூட்டு."

முகத்தைச் சுளித்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அந்தப் படம் இப்போது கன்னிவாடி வீட்டில் இருக்கிறது. அவள் குரல் பழையபடி ஏறவில்லை. போனில் அவள் பேசும்போது, டிவியை அணைத்துவிட்டுக் கேட்கிறேன்.