ராணி விழுந்த நாள்

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது ஒரு வெற்றிக்கிண்ணம் ஐந்து நிமிடம் என் கையில் இருந்தது. அது பறிபோனது என் மாமியால்தான்.

மாமி யப்பான்காரி. வேலையிடத்தில் சந்தித்து மாமா அவரைக் கல்யாணம் கட்டியபோது வீட்டில் பெரிய ரகளையாம். மாமி வந்தவர்களுக்கெல்லாம் குனிந்து, இரண்டு கையாலும் தேநீர் நீட்டினார். ஒரே மாதத்தில் எல்லோரும் விழுந்துவிட்டார்கள். "எங்கட பெட்டையளுக்கு உந்தப் பணிவு வருமே?" என்று அப்பா, கனடாவில் நாங்கள் இருந்த ஸ்காபரோ முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

அதே மாமி பின்னேரங்களில் என்னோடும் என் கூட்டாளிகளோடும் கார் நிறுத்துமிடத்தில் கூடைப்பந்து விளையாடுவார். அப்போது பணிவைக் காணவே கிடைக்காது. முழங்கையால் இடிப்பார்.

அப்பா பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர். மோர்னிங்சைட்டில் ஒரு மண்டபம் எடுத்து வருடாவருடம் கூடைப்பந்துப் போட்டி வைப்பார்கள். அந்த வருடம்தான் முதன்முதலாகப் பெண்பிள்ளைகளையும் சேர்த்தார்கள். நாங்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். ஆனால் எங்களுக்கு முன்னால் நடந்த பெடியன்களின் ஆட்டம் சமநிலையில் முடிய, மேலதிக நேரம் கொடுத்தார்கள். அதுவும் சமநிலை. இன்னொரு தடவையும் கொடுத்தார்கள். மண்டபத்தை ஆறு மணிக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும். பிரதம விருந்தினரின் பேச்சு வேறு மிச்சம் இருந்தது.

எங்கள் ஆட்டத்துக்குப் பதிலாகக் காசே வெற்றியைத் தீர்மானிக்கட்டும் என்று அப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு காசை எடுத்துச் சுண்டினார். காசின் ஒரு பக்கத்தில் ராணியின் தலை இருக்கும்; நான் ராணி என்று கத்தினேன். ராணிதான் விழுந்தது. கிண்ணத்தைத் தூக்கி என் கையில் தந்துவிட்டார். நான் துள்ளிக் குதித்தேன்.

அந்த நேரம் மாமி விருந்தினர்களுக்குத் தேநீர்த் தட்டோடு வந்தார்.

"அண்ணை, பிள்ளையள் விளையாட இல்லையே?"

"நேரம் இல்லைப் பிள்ளை. நீர் தேத்தண்ணியைக் கொடும், பேச்சைத் தொடங்குவம்."

"முதல் விளையாட்டு. பிறகு தேத்தண்ணி," என்றார் மாமி. தட்டோடு திரும்பிச் சமையலறைக்குப் போய் வாசலில் நின்றுகொண்டார்.

தேநீர் இல்லாமல் எங்கள் ஆட்கள் பேச்சுக் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா மேல்கூரையைப் பார்த்தார். "அவ சொன்னாச் சொன்னதுதான், அத்தான்."

பத்து நிமிடம் விளையாடினோம். ஒரு புள்ளியால் தோற்றோம். கடைசிப் பந்தை வளையத்தில் அடித்து வெளியே விட்டது நான்தான். கிண்ணத்தை என் கையாலேயே மற்ற அணியிடம் கொடுக்கவேண்டி வந்தது.

அதற்குப் பிறகுதான் மாமி தட்டோடு வந்தார். பிரதம விருந்தினரைத் தாண்டி நேரே எங்களிடம் வந்தார். முதல் கோப்பையை, குனிந்து, இரண்டு கையாலும் எனக்கு நீட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. முகமோ சிரித்துக்கொண்டிருந்தது. நாங்கள் தோற்றதில் இவருக்கு என்ன சந்தோசம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எனக்கு வேண்டாம். நீங்கள் அவையின்ர மாமி," என்று மற்ற அணியைக் காட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இரண்டு கிழமை அவரோடு பேசவில்லை. மாமி கோபிக்கவில்லை. மூன்றாம் கிழமை கார் நிறுத்துமிடத்தில் முழங்கையால் இடித்துத்தான் சமாதானம் செய்தார்.

யப்பானில் மாமி ஒரு கொம்பனியின் பெண்கள் அணியில் ஆறு வருடம் ஆடியவர் என்பதை, நான் பல்கலைக்கழகம் போன பிறகு மாமாதான் சொன்னார். காலையில் மற்றவர்களுக்கு முன்னால் வந்து, அலுவலக ஆண்களுக்கெல்லாம் தேநீர் கொடுக்கவேண்டும். பின்னேரம்தான் பந்து. ஆண்கள் அணிக்கு அந்தத் தேநீர் வேலை கிடையாது. மாமியும் கூட்டாளிகளும் அது சரியில்லை என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தார்களாம். அடுத்த வருடம் பெண்கள் அணியையே கலைத்துவிட்டார்கள். நடக்கவிருந்த இறுதி ஆட்டம் ஒன்று நடக்கவேயில்லை.

அத்தனை வருடம் ஆண்களுக்குத் தேநீர் நீட்டிய கை, அன்றைக்குத்தான் ஆடி முடித்த ஒரு பெண்பிள்ளைக்கு நீட்டியிருக்கிறது. அதை வாங்கிக் குடிக்க எனக்குத் தெரியவில்லை.