இடது முட்டிக்கு மட்டும்

காயத்துக்குக் கட்டுப் போடத்தான் எனக்குச் சம்பளம். காயத்தின் மேல் பிளாஸ்டிக் தாளை வைத்து ஓரத்தை வரைந்து, அதைக் கட்டம் போட்ட காகிதத்தில் வைத்து எத்தனை கட்டம் என்று எண்ணுவதற்கு அல்ல. ஆனாலும் போன கோடையில் பதினான்கு சாயங்காலம் அந்தக் கூத்து என் கிளினிக்கில்தான் நடந்தது. யாரைச் சொல்லி என்ன, ஒத்துக்கொண்டவன் நான்.

வளைகுடாவில், அல் கூஸில் ஒரு லேபர் கேம்ப். கேட்டை ஒட்டி இரண்டு அறையில் கிளினிக். டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். மற்ற நாளெல்லாம் நர்ஸாகிய நான்தான் எல்லாம். சைட்டிலிருந்து பஸ்கள் வந்து நின்றால் போதும், முதுகுவலி, காய்ச்சல், கண்ணில் தூசி என்று வரிசை வாசலைத் தாண்டிவிடும்.

அந்த வரிசையில் ஒருநாள் அறந்தாங்கிப் பக்கத்துக் கொத்தனார் அண்ணன் ஒருவர், இரண்டு முட்டியும் வெந்துபோய் வந்து நின்றார். ஈரக் கான்கிரீட்டில் மண்டியிட்டுத் தளம் பூசியிருக்கிறார். சிமெண்ட் தண்ணீர் பேன்ட்டுக்குள் இறங்கி எரிந்திருக்கிறது. எரியட்டும், வேலை முடியட்டும் என்று இருந்திருக்கிறார் மனுஷன். முட்டிக்குப் போடும் உறை எங்கே என்றால், வேர்க்கிறதென்று கழற்றி வைத்தாராம். எனக்கு வாயில் நல்ல வார்த்தை வரவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, ஆழமில்லை, தினமும் கழுவி அந்த வெள்ளைத் தீக்காய ஆயின்மெண்டைப் போடு, சீழ் வைத்தால் மட்டும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் தாங்கித் தாங்கி நடந்து போவதைக் கேட்டில் நின்ற செக்யூரிட்டி பார்த்திருக்கிறார். கானா நாட்டுக்காரர். நெட்டையான ஆள், அதிகம் பேசமாட்டார். மறுநாள் டியூட்டிக்கு முன்னால் கிளினிக்குக்கு வந்து, அந்த இரண்டு முட்டியும் தனக்கு வேண்டும் என்றார். எனக்கும் அவருக்கும் பாதி ஹிந்தியும் பாதி ஆங்கிலமும்தான் பேச்சு என்பதால் நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன் போல என்று இரண்டு தரம் கேட்டேன். அதேதான்.

விஷயம் இதுதான். அவர் ஊரில் தீக்காயத்துக்கு ஒரு மரத்தின் பட்டையை அரைத்துப் போடுவார்களாம். அவர் கல்லூரியில் நான்கு வருஷம் படித்ததே அந்தப் பட்டையைத்தான். எலிகளுக்குப் போட்டுச் சோதித்தாராம். பாதியில் கெட்டுப்போய் நின்றுவிட்டது, பட்டமும் கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னார். ஃபெயிலாகியிருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மாதக் கடைசியில் அவருக்கு கான்ட்ராக்ட் முடிகிறது. ஊருக்குப் போனால் கூடப்பிறந்தவரின் கொக்கோ தோட்டத்தில் வேலைதான், சோதனைக்கூடத்துக்குள் இனி யாரும் விடப்போவதில்லை. இங்கேயானால் ஒரே ஆளுக்கு, ஒரே நாளில், ஒரே அளவில் இரண்டு காயம். ஒன்றுக்குப் பட்டை, மற்றதற்கு ஆயின்மெண்ட். தன் மருந்து உண்மையா பொய்யா என்று தெரிந்துகொள்ள இதைவிட்டால் தனக்கு வேறு வாய்ப்பில்லை என்றார். பட்டைத் தூளை அவர்கள் ஊர்க் கொட்டையில் எடுக்கும் வெண்ணெயில் குழைத்து ஒரு சின்ன டப்பா வைத்திருந்தார். ஒரு முட்டிக்குப் பதினான்கு நாளைக்குச் சரியாக வரும்.

நான் மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். கொத்தனார் அண்ணனோ அவர் செல்போனில் காட்டிய மரத்தைப் பார்த்துவிட்டு, இது எங்க ஊர் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் சிவப்புப் பூ மரமாச்சே, மொட்டை அமுக்கினால் தண்ணீர் பீய்ச்சுமே என்று குதூகலமாகிவிட்டார். சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி. சரி என்று தொலைத்தேன். டாக்டரிடம் மூச்சு விடவில்லை. அவரும் வரும்போதெல்லாம் ஆறுகிறதா என்று கேட்டாரே தவிர கட்டைப் பிரிக்கவில்லை.

எந்த முட்டிக்குப் பட்டை என்பதற்கு ஒரு திர்ஹம் காசைச் சுண்டவேண்டும் என்றார் கானாக்காரர். முட்டிக்கு டாஸா என்று தலையில் அடித்துக்கொண்டேன். இடது விழுந்தது. வலது முட்டியைப் பார்த்து அண்ணன் உச்சுக்கொட்டினார்.

அதற்கப்புறம் தினமும் ஆறு மணிக்கு யூனிஃபார்மோடு வந்துவிடுவார். வரைவார், எண்ணுவார், நோட்டில் எழுதுவார், மறுபடி எண்ணுவார். வெளியே நாற்பது பேர் நிற்கிறார்கள், உள்ளே இவர் அரைக் கட்டத்தை முழுசாக எடுப்பதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். பிறகு இடது முட்டிக்குப் பட்டை மருந்தைத் தடவிவிட்டு கேட்டுக்குப் போவார். வலதுக்கு ஆயின்மெண்ட் போடுவது நான். காலையில் தடவிக்கொள்ள அண்ணனிடமே டப்பாவைக் கொடுத்திருந்தார். அண்ணனின் ரூமில் ஒருத்தன் மஞ்சள் போடு என்றான், இன்னொருத்தன் டூத்பேஸ்ட் என்றான். வேறு எதையாவது தொட்டால் முட்டியை நானே உடைப்பேன் என்று ரூம் வாசலில் நின்று கத்திவிட்டு வந்தேன்.

ஆறாம் நாள் இடது காயத்தின் ஓரம் சிவந்திருந்தது. சீழ் இல்லை. ஆனாலும் விளக்கைப் பக்கத்தில் இழுத்து மறுபடி பார்த்தேன். ஏதாவது ஆகி ஆஸ்பத்திரியில் கேட்டால் நான் என்ன சொல்வேன், கேட் செக்யூரிட்டி வைத்தியம் பார்த்தார் என்றா? அன்றைக்கே கானாக்காரரிடம் போதும் நிறுத்து என்று சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தேன், சொல்ல வாய் வரவில்லை. அவர் போனதும் அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டு, இடது முட்டியிலும் ஆயின்மெண்டைப் போட்டுக் கட்டினேன். அவரிடம் சொல்லாதீங்க என்றேன். மறுநாள் அவர் வருமுன் துடைத்துவிட்டேன். கடைசிவரை தினமும் அதேதான்.

பன்னிரண்டாம் நாளே டப்பா காலி. அண்ணனுக்குக் கை தாராளம் என்று நான்தான் சமாளித்தேன்.

பதினான்காம் நாள் இரண்டு முட்டியும் இளந்தோல் மூடிவிட்டது. இரண்டிலும் மிச்சம் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைக் கட்டம். அண்ணனுக்கு வாயெல்லாம் பல். கானாக்காரர் சிரிக்கவில்லை. நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். ஆறாம் நாளிலிருந்து இரண்டு முட்டியின் எண்ணும் சேர்ந்தே இறங்குகின்றன. வலது முட்டியிலும் பட்டையைத் தடவினாரா என்று அண்ணனிடம் கேட்கச் சொன்னார்.

கேட்டேன். ஆமாம் என்று அண்ணன் தலையாட்டினார். எனக்கு வந்ததே ஆத்திரம். பதினான்கு நாள் இந்த ஆள் தன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எண்ணியதையெல்லாம் இப்படிக் குட்டிச்சுவராக்கிவிட்டீர்களே, ஒரே ஒரு விஷயம்தானே சொன்னோம் என்று பொரிந்து தள்ளினேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நீங்க மட்டும் இடது காலுக்கு ஒங்க மருந்தையும் சேத்துப் போட்டீய. அப்ப வலது காலு என்ன பாவம் பண்ணுச்சு? ரெண்டும் எங்காலுதானே தம்பி."

என்ன சொல்கிறார் என்று கானாக்காரர் கேட்டார். இரண்டு காலுக்கும் தடவிவிட்டாராம், புத்தி கெட்டவர் என்றேன். அவ்வளவுதான் மொழிபெயர்த்தேன்.

அவர் ஏழாம் நாள் பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். எண்களுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. இடது ஓரத்தில் வெள்ளைப் பிசுக்கு, நர்ஸிடம் கேட்க வேண்டும்.

"நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன் பாய்," என்றார்.

கூசிப்போனேன். அண்ணன் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கானாக்காரர் பேனாவை எடுத்துக் கடைசிப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டு, கீழே 'தெரியவில்லை' என்று எழுதினார். என்ன எழுதுகிறார் என்று அண்ணன் கேட்டார். மருந்து வேலை செய்ததா என்று தெரியவில்லையாம் என்றேன். கால்தான் ஆறிவிட்டதே, அது கண்ணுக்குத் தெரியவில்லையா அவருக்கு என்று அண்ணன் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

எனக்கும் தாங்கவில்லை. மாதக் கடைசிக்கு எட்டு நாள்தான் இருந்தது. டப்பா காலி. இன்னொரு இரண்டு முட்டிக்கு நான் எங்கே போவேன்? ஆறாம் நாள் வரை இடதுதான் கொஞ்சம் முந்தி இருந்தது, அந்தக் கணக்கையே பதினான்கு நாளுக்கும் நீட்டி எழுதிக்கொள்ளுங்கள், நான் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறேன், யாருக்குத் தெரியப்போகிறது என்று கானாக்காரரிடம் சொன்னேன். உதவி செய்கிறேன் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

அவர் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார்.

"பாதியில எலியெல்லாம் செத்தப்போ எங்க வாத்தியாரும் இதையேதான் சொன்னாரு. எழுதியிருந்தா எனக்கு அப்பவே பட்டம் கெடைச்சிருக்கும் பாய்."

நோட்டையும் பேனாவையும் என் முன்னால் வைத்து, ஆறாம் நாளிலிருந்து நான் என்ன செய்தேன் என்பதை என் கையாலேயே எழுதச் சொன்னார். பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. அவர் கேட்டைத் திறக்கப் போனார்.