கடையில் கிடைக்காத தோட்டா

நமீபியாவில் ஒமருரு பக்கம் டெட்லெவ் என்பவருக்கு ஒரு வேட்டைப் பண்ணை உண்டு. அங்கே வரப்போகிற ஜெர்மன்காரர்கள் மூன்று மாதம் முன்பே எழுதிக் கேட்பார்கள்: எந்த அளவுத் தோட்டா போடும் துப்பாக்கியைக் கொண்டு வரலாம்? டெட்லெவ் கடிதத்தைப் படித்துவிட்டு, தடம் பார்க்கும் அப்னேர் நருசெப்பைத் திரும்பிப் பார்ப்பார். அப்னேர் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார்.

“முப்பது-சைபர்-ஆறு. வேற எதையும் தூக்கிட்டு வர வேண்டாம்னு எழுதுங்க மெனேர்.” மெனேர் என்றால் அந்தப் பக்கத்தில் ஐயா.

விமானத்தில் துப்பாக்கிக்கு ஒரு பெட்டி, தோட்டாவுக்கு வேறு பெட்டி. இரண்டும் ஒன்றாக வந்து இறங்கினால் அது அதிர்ஷ்டம். இறங்காவிட்டால் ஒமருரு கடையில் கூரை முட்ட அடுக்கியிருப்பது முப்பது-சைபர்-ஆறு தோட்டாதான். பக்கத்துப் பண்ணைக்காரர் மேசை இழுப்பறையைத் திறந்தாலும் அதுதான் உருளும். இருபத்தாறு வருஷம் இதைச் சொல்லிச் சொல்லி வாய் தேய்ந்த மனிதர், கடைசியில் தானே போய் மாட்டிக்கொண்டார்.

நாலு வருஷத்துக்கு முன் விட்காப் என்ற ஜெர்மன் பெரியவர் பதினோராவது தடவையாக வந்தார். வேட்டைக்கே போகவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். கிளம்புகிற அன்று தன் துப்பாக்கியை எடுத்து அப்னேரின் மடியில் வைத்தார்.

“இனிமே நான் வரமாட்டேன் அப்னேர். இது உன்கிட்டயே இருக்கட்டும்.”

அது ஆறரை-அறுபத்தைந்து அளவுத் துப்பாக்கி. அந்தத் தோட்டா விட்காப்பின் ஊரில் கிடைக்கும். ஒமருருவில் பேரைச் சொன்னாலே கடைக்காரன் சிரிப்பான். அப்னேருக்கு இது தெரியாதா என்ன? ஆனால் சாகப்போகிற மனுஷன் மடியில் வைத்ததை, தோட்டா கிடைக்காது என்று சொல்லி எப்படித் திருப்பிக் கொடுப்பது? வாங்கிக்கொண்டார். கூடவே அறுபது தோட்டா. அன்றைக்கு அது ஆயுசுக்கும் போதும் போலிருந்தது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அவர் குடியிருப்பில் ஒருவன் வீட்டில் இரண்டு துப்பாக்கி இருந்து, மச்சான் வெறுங்கையோடு ஆடு மேய்த்தால், தண்ணீர்த் தொட்டியடியில் அதுதான் ஒரு வருஷத்துக்குப் பேச்சு. ஆகவே தன் பழைய முப்பது-சைபர்-ஆறை மனைவியின் தம்பி கெர்சனுக்குக் கொடுத்தார். போலீஸில் பேர் மாற்றவே எட்டு மாதம் ஆயிற்று. கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது அந்த ஊரில் திருடுவதைவிடக் கேவலம். புதிதாக ஒன்று வாங்கலாம் என்றால் பாதிப் பட்டி ஆட்டை விற்க வேண்டும்.

அந்தப் பாதிப் பட்டியைத்தான் கழுதைப்புலி தின்றுகொண்டிருந்தது. முப்பத்தொரு ஆடு பதினாலு ஆயிற்று. முள்வேலியை இரண்டாள் உயரம் போட்டும் பயனில்லை. அறுபது தோட்டாவில் சில சர்ச் விருந்துக்கு மான் சுடப் போயின, பல இருட்டில் வீணாயின. மிச்சம் ஒன்று. விட்காப்பின் விதவை அனுதாபமாக எழுதியிருந்தாள்: நிலவறையில் இன்னும் மூன்று பெட்டி கிடக்கிறது, தபாலில் அனுப்ப விடமாட்டேன் என்கிறார்கள்.

இந்தப் பிப்ரவரியில் விட்காப்பின் மகன் ஹென்னிங்கிடமிருந்து கடிதம் வந்தது. ஜூனில் வருகிறேன், முதல் தடவை, என்ன கொண்டு வரட்டும்?

அப்னேர் இந்தத் தடவை நிமிர்ந்து பார்த்தார். “ஆறரை-அறுபத்தஞ்சு கொண்டாரச் சொல்லுங்க மெனேர்.”

டெட்லெவ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “என்னய்யா, வெயில் தலைக்கு ஏறிடுச்சா?”

“அப்பாகிட்ட பழகுன வகை. பையனுக்குக் கைக்கு வாகா இருக்கும்.”

பொய். பையன் ஐந்தோ ஆறோ சுடுவான், மிச்சத் தோட்டாவைத் தடம் பார்ப்பவனுக்கு விட்டுப்போவது விருந்தாளிகளின் வழக்கம், தன்னிடம் அந்தத் துப்பாக்கிக்கு லைசென்ஸும் இருக்கிறது, டெட்லெவ் ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தால் போதும். இவ்வளவும் அந்த ஒரு நொடியில் மனசில் ஓடிவிட்டது. அன்று முழுக்க டெட்லெவின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

ஹென்னிங் வந்தான். துப்பாக்கி வந்தது. தோட்டாப் பெட்டி வேறு ஏதோ நாட்டுக்குப் போய்விட்டது.

பையன் அசரவில்லை. டெட்லெவின் முப்பது-சைபர்-ஆறை இரவல் வாங்கிக்கொண்டு ஒன்பது நாளும் சந்தோஷமாகச் சுற்றினான். ஒருநாள் மரத்தடியில் ரொட்டி தின்னும்போது சொன்னான்:

“அப்பா சொல்வாரு, அப்னேர் ஒண்ணு சொன்னா கண்ணை மூடிட்டுக் கேளுன்னு. பெட்டி தொலைஞ்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?”

அப்னேர் மிச்ச ரொட்டியைத் துணியில் சுற்றி வைத்தார். அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஹென்னிங் கிளம்புகிற அன்று காலை விமான நிலையத்திலிருந்து தொலைபேசி வந்தது. பெட்டி வந்துவிட்டதாம். அப்னேர் தன் லைசென்ஸைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பிக்கப்பில் தானும் ஏறினார். விண்ட்ஹோக் விமான நிலையத்தில், அனுமதிச் சீட்டு பார்க்கும் மேசைக்குப் பின்னால், சிவப்புப் பட்டை போட்ட பெட்டி இருந்தது. உள்ளே எண்பது தோட்டா. கையை நீட்டினால் எட்டும்.

மேசையில் இருந்த பெண் அதிகாரி பொறுமையாகவே பேசினாள். “இது இவரு துப்பாக்கிக்கு, இவரு பேருல எழுதுனது, ஊம். இவரு இன்னைக்குத் திரும்பிப் போறாரு. அப்ப இதுவும் அதே பிளேன்ல போகணும்.”

“எங்கிட்ட லைசென்ஸ் இருக்கும்மா. பாரு, அதே ஆறரை.”

அவள் வாங்கி இரண்டு பக்கமும் படித்தாள். “சரியாத்தான் இருக்கு. இதைக் காட்டி நீங்க கடையில வாங்கிக்கலாம்.”

“எந்தக் கடையில?”

அவள் லைசென்ஸை மடித்து, கசங்காமல், திருப்பிக் கொடுத்தாள். ஹென்னிங் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். கடைசியில் கையெழுத்துப் போட்டான். பெட்டி சாமான் ஓடும் பட்டையில் ஏறி, ரப்பர் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிற்று. அப்னேர் அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் மதியம் வீடு வந்து சேர்ந்தார். மனைவி எல்ஃப்ரீடா பட்டி வாசலில் முள் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்:

“வந்துச்சா?”

“வந்துச்சு. பாத்தேன்.”

“பாத்தியா! இருபத்தாறு வருஷமா ஊரு உலகத்துக்கே எழுதிப் போட்டியே, அந்தப் பையனுக்கு மட்டும் ஏன்யா மாத்திச் சொன்ன?” கையில் இருந்த முள்ளைக் கீழே போட்டாள். கண் கலங்கியிருந்தது. “நேத்து மூணு போச்சு.”

அப்னேர் வீட்டுக்குள் போய்த் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்தார். பளபளவென்றுதான் இருந்தது. ஒற்றைத் தோட்டாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பதினோரு ஆட்டையும் ஓட்டிக்கொண்டு மேய்ச்சலுக்குக் கிளம்பினார். துப்பாக்கியைத் தோளில் மாட்டியிருந்தார். எல்ஃப்ரீடா பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் மாட்டியிருந்தார்.