அன்றைக்கு வராத சோறு

தேயிலைத் தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய எங்கள் லய வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், பிணம் எடுக்கும்வரை வரிசையில் ஒரு வீட்டிலும் அடுப்பு மூட்டமாட்டார்கள். எடுத்த பிறகு பக்கத்து வீட்டில்தான் முதல் உலை. அந்தச் சோறு சாவு வீட்டுக்குப் போகும். குடிகாரன் செத்தாலும், ஊரை ஏய்த்தவன் செத்தாலும் இதில் மாற்றம் இருந்ததில்லை. என் அண்ணனுக்கு மட்டும் இருந்தது.

அண்ணன் இராணுவத்தில் லொறி ஓட்டினான். போரின் கடைசி வருஷத்தில், வடக்கில் ஒரு மண் பாதையில் கண்ணிவெடியில் சிக்கிச் செத்தான். வயது இருபத்திரண்டு. பதுளைக் கடைவீதியில் மூட்டை ஏற்றி இறக்கி, அங்கேயே சிங்களத்தையும் லொறியையும் பழகியவன். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி பேர் கூப்பிடக் காத்து நிற்கமாட்டேன் என்று பள்ளிக்கூடக் காலத்திலேயே சொன்னவன். இராணுவத்தில் சேரப்போகிறான் என்று தெரிந்ததும் முதலில் சண்டை போட்டது நான்தான். யாரைச் சுடப்போகிறாய் என்று கேட்டேன்.

"நான் யாரையும் சுடப் போகல புள்ள. வண்டி ஓட்டத்தான் போறேன்" என்றான்.

வண்டியில் என்ன ஏற்றுவாய் என்று நான் கேட்கவில்லை. ஒருமுறை லீவில் சாதாரண உடுப்பில் வந்தபோது, சோதனைச் சாவடியில் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்துவிட்டு அவனையே பஸ்ஸிலிருந்து இறக்கி வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெட்டி சீல் வைத்து வந்தது. திறக்கக்கூடாது என்றார்கள். அம்மா மூடியைத் தட்டித் தட்டி அவனைக் கூப்பிட்டாள். பார்க்க முடியாமல் நான் வாசலுக்கு வந்தேன். கூரைகளின் மேல் புகை, எங்கள் வீட்டைத் தவிர ஒரு வீடு விடாமல். பக்கத்து வீட்டிலிருந்து கருவாட்டுக் குழம்பு வாசம் வந்தது. மற்றதையெல்லாம் மறந்தாலும் அந்த வாசத்தை நான் மறக்கவில்லை. அன்றைக்கு எங்களுக்குச் சோறும் வரவில்லை.

அந்தப் பக்கத்து வீடு எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவருடையது. அண்ணன் பாதி நாள் சாப்பிட்டு வளர்ந்த வீடு. தலைவர் கெட்டவர் இல்லை. அவருடைய தம்பியை ஒரு இராணுவச் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டுபோய் இரண்டு வருஷம் உள்ளே வைத்திருந்தார்கள். அந்த உடுப்பைப் போட்டவனுக்காக நம் அடுப்பு அணையாது என்று அவர் சொல்ல, லயம் கேட்டுக்கொண்டது. காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்தால் வயிற்றெரிச்சல் ஆறிவிடுமா?

கருமாதி முடிந்ததும், சீருடையில் இருக்கும் படத்தையாவது கழற்றி வைக்கும்படி தலைவர் சொல்லி அனுப்பினார். அம்மா மறுநாளே அதை வாசலைப் பார்த்த சுவரில் மாட்டி, கதவைத் திறந்தே வைத்தாள். அவன் வீரன் என்று பதுளையில் மேடை போட்டுப் பேசினார்கள். துரோகி என்று லயத்தில் முணுமுணுத்தார்கள். எனக்கு இரண்டும் வேண்டாம். அவன் போனது சரி என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. கூடப் பிறந்தவனுக்காக அழ அது தேவையுமில்லை.

வருஷா வருஷம் அவன் செத்த நாளில் அம்மா அடுப்பு மூட்டமாட்டாள். காலையில் வாசலில் நின்று கூரைகளைப் பார்ப்பாள். பிறகு வீட்டுக்கு வீடு கேஸ் அடுப்பு வந்தது. புகை நின்றது. யார் சமைக்கிறார்கள், யார் சமைக்கவில்லை என்று தெரியாமல் போனது. அப்போதும் நின்று பார்ப்பாள்.

இதற்கிடையில் தலைவர் செத்துப்போனார். அன்றைக்கு எங்கள் அடுப்பை அம்மா மூட்டவில்லை. எடுத்த பிறகு முதல் உலை வைத்ததும் அவள்தான். எனக்கு வந்த கோபத்துக்குப் பானையைக் கவிழ்த்திருப்பேன்.

"அவுங்க வழக்கத்த விட்டாங்கன்னா நாமளும் விடணுமா?" என்று கேட்டுவிட்டு, சோற்றைத் தானே தூக்கிக்கொண்டு போனாள்.

அடுத்த வருஷம் நாட்டில் கேஸ் இல்லாமல் போனது. எல்லாரும் மறுபடியும் விறகுக்குத் திரும்பினோம். அண்ணனின் நாளன்று அம்மா வழக்கம்போல வாசலுக்குப் போனவள், என்னைக் கூப்பிட்டாள். எல்லாக் கூரையிலும் புகை. பக்கத்துக் கூரையில் மட்டும் இல்லை. கொஞ்ச நேரத்தில் தலைவரின் மனைவி எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"எங்க வீட்லயும் இன்னைக்கு அடுப்பு மூட்டலக்கா."

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"போய் மூட்டு. அன்னைக்குக் குடுக்காத சோத்த ஆக்கிக் கொண்டா."

அத்தை திரும்பிப் போனார். பக்கத்துக் கூரையில் புகை எழும்பியது. மதியம் சோறும் கருவாட்டுக் குழம்பும் வந்தன. அம்மா வாங்கிக்கொள்ளவில்லை. சுவரைக் காட்டினாள். தலைவர் கழற்றச் சொன்ன அதே படத்துக்கு முன்னால் அத்தை குனிந்து, முதல் தட்டை வைத்தார்.

நான் சாப்பிடுவதில்லை என்றுதான் இருந்தேன். அம்மா ஒரு பார்வை பார்த்தாள். உட்கார்ந்தேன். குழம்பில் உப்புக் குறைவாக இருந்தது. அதை அத்தையிடம் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட்டேன்.